அரிசிப் பையும் மாத உதவியும்



ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு முன் நம் அறவாரியத் தொண்டர்களோடு கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்று அரிசியும் பருப்பும் வழங்கி வருகிறேன். சென்ற ஆண்டு, மகனின் லயத்து வீட்டில் தங்கியிருக்கும் மூதாட்டி ஒருவர் பையை வாங்கிக்கொண்டு, “இது பதினஞ்சு நாளைக்கு வரும் ஐயா. அப்புறம்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

வறுமை இருவகை. நோயாலோ வேலையிழப்பாலோ வந்து, சில மாதங்களில் தீர்வது ஒன்று. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கி வருவது மற்றொன்று. தோட்டப்புறத்தில் வீடு வேலையோடு சேர்ந்தது; வேலை நின்றால் வீடும் போகும். முதுமையில் கையிருப்பும் இல்லை. ஆகவே பேரப்பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கிறது. வறுமை அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது.

இதற்கு ஒருமுறை உதவி போதாது. சிறு தொகையாயினும் தவறாமல் வரவேண்டும். அடுத்த மாதமும் வரும் என்ற உறுதி இருந்தால்தான் மருந்தையும் படிப்பையும் நிறுத்தாமல் இருக்க முடியும். இதை உணர்ந்தே சென்னை மாநிலம் 1962இல் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிற்று. மெக்சிகோ 1997இலும் பிரேசில் 2003இலும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைத் தாய்மாரின் கையில் தொடர்ந்து பணம் வழங்கும் திட்டங்களைக் கொண்டுவந்தன.

நம் நாட்டிலும் சமூகநல இலாகா, 60 வயதான, போதிய வருமானமும் ஆதரவும் இல்லாத குடிமக்களுக்கு மாத உதவி வழங்குகிறது. 2025 முதல் அது 600 ரிங்கிட்.

அம்மூதாட்டிக்கு அது ஏன் கிடைக்கவில்லை? அவருடையது சிவப்பு அடையாள அட்டை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் நிரந்தரவாசியாகவே நின்றுவிட்டார். அடுத்த வீட்டுப் பெரியவரிடம் நீல அட்டை இருந்தும், விண்ணப்பிக்க வழி தெரியவில்லை. இத்தனை ஆண்டும் பை கொடுத்த நான் ஒருமுறைகூட அவர்களின் அட்டையைக் கேட்டுப் பார்த்ததில்லை. அந்தக் குறை என்னுடையது.

பெரியவருக்குப் பாரம் பூர்த்தி செய்து கொடுத்தோம். இன்று மாதந்தோறும் பணம் வருகிறது. மூதாட்டியின் குடியுரிமை விண்ணப்பம் முடிவுக்காகக் காத்திருக்கிறது. அதுவரை அவரது மருந்துச் செலவை அறவாரியம் ஏற்றுள்ளது.

நன்கொடையாளர்களே, அரிசிப் பை தொடரட்டும். அதோடு, பாரம் எழுதத் தெரிந்தவர்களும் முதியோரை அலுவலகத்துக்கு வண்டியில் அழைத்துச் செல்பவர்களும் எங்களுக்குத் தேவை. அரசு தரும் உதவியை உரியவர் கையில் சேர்ப்பதும் தருமமே. எல்லாம் வல்ல இறைவன் துணைநிற்பானாக.