பள்ளிப் பிள்ளைகளும் பாதைக் காவலும்

பிரிட்டனில் பள்ளிக்கூடம் கூடும் வேளையிலும் விடும் வேளையிலும், உச்சியில் வட்டப் பலகை பொருந்திய நீண்ட கோலை ஏந்தி வீதி நடுவே ஒருவர் நிற்பது பழகிய காட்சி. அவர் கோலை நீட்டியதும் வண்டிகள் நிற்கும்; பிள்ளைகள் கடந்து செல்வர். கோலின் உருவம் கண்டு ஜனங்கள் அவருக்கு ‘லாலிபாப்’ காவலர் என்று செல்லப் பெயர் சூட்டியிருக்கின்றனர். 1953-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு தனிச் சட்டம் இயற்றி இக்காவலுக்குச் சட்ட அந்தஸ்து அளித்தது. இப்பொழுது அமலில் இருப்பது 1984-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குச் சட்டமாகும். அப்பலகையை மதியாது செல்லும் ஓட்டுநருக்கு 1,000 பவுன் வரை அபராதமும், லைசென்ஸில் 3 குற்றப் புள்ளிகளும் விதிக்கப்படக்கூடும்.

ஓட்டுநரிடம் இத்துணைக் கண்டிப்புக் காட்டும் சட்டம், ஸ்தல கவுன்ஸிலிடம் காட்டும் தாராளம் வியக்கத்தக்கது. காவலுக்கு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்பதே அதன் வாசகம். ‘செய்ய வேண்டும்’ என்பதன்று. சட்டம் பயின்றோர் இவ்விரு சொற்களுக்கும் இடையேயுள்ள தூரத்தை நன்கறிவர். 2010-க்குப் பின் மத்திய சர்க்காரின் மானியம் குறுகியபொழுது, பல கவுன்ஸில்கள் சிக்கனத்தின் பெயரால் முதலில் கைவைத்த செலவுகளுள் இதுவும் ஒன்று. பிள்ளையைப் பத்திரமாகப் பள்ளி சேர்ப்பது பெற்றோர் பொறுப்பே என்பது அவை கூறும் சமாதானம்.

எந்த இடத்துக்குக் காவலர் தேவை என்று தீர்மானிக்கப் பல கவுன்ஸில்கள் ஒரு கணக்கைக் கையாளுகின்றன. நெருக்கடியான அரை மணி நேரத்தில் கடக்கும் பிள்ளைகளின் தொகையை, வண்டிகளின் தொகையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். வரும் தொகை 40 லட்சத்தை எட்டினால் காவலுக்குத் தகுதி உண்டு. 400 வண்டிகள் ஓடும் வீதியில் 30 பிள்ளைகள் கடந்தால் 48 லட்சம், அவ்விடம் தேறிவிடும். அவ்வீதியைக் கண்டு அஞ்சிப் பத்துப் பெற்றோர் தம் பிள்ளைகளைக் காரில் ஏற்றிச் செல்லத் தொடங்கினால் என்ன ஆகும்? வண்டிகள் 410, நடப்போர் 20; தொகை 33 லட்சத்து 62 ஆயிரம். வீதியில் அபாயம் வளர்ந்திருக்கிறது; காவலோ பறிபோய்விடுகிறது! அச்சத்தால் வீதியை விட்டகன்ற பிள்ளையை இக்கணக்கு காணவில்லை என்பதே நமது முதல் ஆட்சேபம்.

கவுன்ஸில்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வரிப்பணம் அளவுள்ளது; எல்லா முனைகளிலும் ஆள் நிறுத்த இயலாது; இடத்தைத் தேர்ந்தெடுக்க ஓர் அளவுகோல் வேண்டியதுதான். எல்லைக்குச் சற்றே கீழ்ப்பட்ட இடங்களில் வீதியின் அகலம், பார்வைத் தடை முதலியவற்றை உத்தேசித்துத் தொகையைக் கூட்டிக்கொள்ளவும் வழி உண்டு. நிரந்தர விளக்குக் கடவை அமைந்த இடத்தில் காவலர் மிகை எனலாம். ஆனால் விளக்கை மீறி வரும் வண்டியைக் கண்டு பிள்ளையைப் பின்னுக்கு இழுக்க விளக்குக்குக் கை இல்லை. அந்நாட்டுச் சாலை விதி நூலின்படி மணிக்கு 30 மைல் வேகத்தில் ஓடும் கார் நிற்பதற்கு 23 மீட்டர் வேண்டும். 20 மைலானால் 12 மீட்டர் போதும். பந்தின் பின் ஓடும் பிள்ளை இவ்விரண்டில் எதையும் அளந்து பார்த்து ஓடுவதில்லை.

ஆகவே நமது அபிப்பிராயம் இது: நடப்போரை மட்டுமன்றி, பாதை பத்திரமாயிருந்தால் நடக்கக்கூடிய பிள்ளைகளையும் கணக்கிடுக. கடவையோ வேகக் குறைப்போ நிறைவேறு முன்னர் எக்காவலரையும் விலக்காதிருக்க. கவுன்ஸிலின் சொந்தக் கணக்கே தகுதி உண்டு என்று கூறும் இடத்திலேனும், ‘செய்யலாம்’ என்பதைப் பார்லிமெண்டு ‘செய்ய வேண்டும்’ என்று திருத்துக. வீதியை அமைத்துப் பரிபாலிப்பது பொதுஜன ஸ்தாபனம். அதில் நேரும் அபாயத்தை மட்டும் பெற்றோர் தலையில் சுமத்துவது நீதியாகாது.