நின்று உழைக்கும் இழை, சட்டெனப் பாயும் இழை

ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பதும் கால்தான். கிளம்பிவிட்ட பேருந்தை ஓடிப் பிடிப்பதும் அதே கால்தான். இவ்விரண்டு வேலைக்கும் ஏற்ற இருவகை இழைகள் நம் எலும்புத்தசைகளில் கலந்திருக்கின்றன. அவை எப்படி இயங்குகின்றன என்று தெரிந்தால், வயதானபின் எந்த உடற்பயிற்சி தேவை என்பதும் புரியும்.

எலும்போடு இணைந்து, நம் விருப்பப்படி இயங்கும் தசைகள் உடலில் 600-க்கும் மேல் உள்ளன. ஒரு தசைக்குள் பல கற்றைகள், ஒவ்வொரு கற்றைக்குள்ளும் பல இழைகள். ஒவ்வோர் இழையும் ஒரு தனிச் செல். பெரும்பாலும் தலைமுடி அளவோ அதைவிட மெல்லியதோதான். நீளமோ சில தசைகளில் பல சென்டிமீட்டர். கருவில் பல செல்கள் ஒன்றாகச் சேர்ந்து உருவானது என்பதால் ஓர் இழைக்குள் ஏராளமான உட்கருக்கள் இருக்கும்.

இழைக்குள் நுண்ணிழைகள், அவற்றில் வரிசையாக 'சார்கோமியர்' எனும் அலகுகள். ஒவ்வொன்றும் சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளம். அதில் ஆக்டின் என்ற மெல்லிய புரத இழையும் மையோசின் என்ற தடித்த இழையும் அடுக்கப்பட்டுள்ளன. நரம்பின் கட்டளை வந்ததும் இழைக்குள் கால்சியம் வெளிப்படுகிறது. உடனே மையோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன. இரண்டின் நீளமும் மாறுவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதால் தசை சுருங்குகிறது. இதை 1954-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. மையோசின் தலைகள் பிடித்த பிடியை விடுவதற்கு ஏ.டி.பி. எனும் ஆற்றல் மூலக்கூறு வேண்டும். இறந்த உடலில் அது தீர்ந்துபோவதால்தான் உடல் விறைக்கிறது.

இனி வகைகள். முதல் வகை, மெதுவாகச் சுருங்கும் இழை. இதில் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும், ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மையோகுளோபினும் அதிகம். அதனால் சிவந்திருக்கும், எளிதில் களைக்காது. நாம் நிற்கத் துணைசெய்யும் கெண்டைக்காலின் உட்தசையில் இதுவே மிகுதி. இரண்டாம் வகை, வேகமாகச் சுருங்கும் இழை. இதில் 2ஏ ஓரளவு தாக்குப்பிடிக்கும். 2எக்ஸ் மிக வேகமானது. தசையில் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜனை நம்பி இயங்கும், விரைவில் களைத்துவிடும். கண்ணை இமைக்கும் தசையில் வேக இழைகளே அதிகம். கோழியிலும் இதைப் பார்க்கலாம்: நடந்து திரியும் கால்கறி சிவப்பு, எப்போதாவது பறக்க உதவும் நெஞ்சுக்கறி வெளுப்பு.

மூளை இவற்றை ஒரு வரிசைப்படிதான் வேலைக்கு அழைக்கிறது. லேசான வேலைக்கு மெதுவான இழைகளே போதும். பாரம் கூடும்போதும் வேகம் தேவைப்படும்போதும்தான் வேக இழைகள் சேர்கின்றன. நிதானமான நடையில் அவற்றுக்கு அதிக வேலை இருக்காது.

இது முதியவர்களுக்கு முக்கியமான செய்தி. வயது ஏற ஏற முதலில் மெலிபவை வேக இழைகளே. இடறும்போது சட்டெனக் காலை எட்டி வைக்க அவைதான் வேண்டும். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, அதை விடக் கூடாது. அதோடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குச் சற்றுப் பாரம் கொடுங்கள்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, படியேறுவது, சிறிய எடைகளைத் தூக்குவது. மூட்டுவலியோ இதயக்கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். எழுபது, எண்பது வயதிலும் பயிற்சிக்கேற்ப தசை வலுப்பெறும். தொடங்குவதற்குக் காலம் கடந்துவிடவில்லை.