கோட்டடிக்குப் போகுமுன்: எமக்கான சட்டத்தரணியை எப்படித் தெரிவுசெய்வது?

கல்முனை நீதிமன்ற வளாகத்துக்கு வெளியே காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தால், எமது கரையோரத்துப் பெண்கள் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் வந்து இறங்குவதைக் காணலாம். மருதமுனை, பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை, சாய்ந்தமருது என்று எல்லா ஊரிலிருந்தும் வருவார்கள். கையில் ஒரு பை. பைக்குள் ஒரு பொலித்தீன் உறை. அதற்குள்தான் அவர்களுடைய முழு வாழ்க்கையும் இருக்கும்: காணி உறுதி, விவாகப் பதிவுப் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, சுனாமியில் நனைந்து காய்ந்த அடையாள அட்டை.

அந்த உறையை யாருடைய கையில் கொடுப்பது என்பதுதான் இக்கட்டுரையின் விடயம்.

எங்கள் நிலையத்துக்கு 2019ஆம் ஆண்டு ஒரு ராத்தா வந்தார். அவருடைய கணவர் 1990இல் வயலுக்குப் போனவர், திரும்பவில்லை. மூன்று பிள்ளைகளையும் இடியப்பம் அவித்து விற்று வளர்த்தவர். யுத்தம் முடிந்த பின்னர் வயலைப் பார்க்கப் போனால், அங்கே வேறொருவர் வேளாண்மை செய்துகொண்டிருந்தார். “இருபது வருசமா நான்தான் செய்றன், எனக்குத்தான் சொந்தம்” என்று அவர் கூறிவிட்டார்.

ராத்தா ஊரில் நாலு பேரிடம் கேட்டார். எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். கொலை வழக்குகளில் அவர் குறுக்கு விசாரணை செய்தால் சனம் கூடி நின்று கேட்குமாம். “அவரிட்ட குடுத்தா வென்ற மாதிரித்தான் புள்ள” என்றார்கள். காதுத் தோட்டை விற்று, முற்பணம் கட்டினார். பற்றுச்சீட்டு கேட்கவில்லை, கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று நினைத்தார். மூலப் பத்திரங்கள் அனைத்தையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தார்.

நான்கு வருடங்கள். மாதம் ஒரு தடவை போவார். எழுதுவினைஞர் “தவணை போட்டிருக்கு ராத்தா, பிறகு வாங்க” என்பார். எங்களிடம் வந்தபோது நாம் கேட்ட முதல் கேள்வி, “வழக்கிலக்கம் என்ன?” அவருக்குத் தெரியவில்லை. நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தோம். அப்படியொரு வழக்கே தாக்கல் செய்யப்பட்டிருக்கவில்லை.

அன்று அவர் அழவில்லை. “அப்ப நான் எதுக்கு மகள் இவ்வளவு நாளும் வந்து போனன்?” என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சட்டத்தரணி திறமையற்றவர் அல்லர். குற்றவியல் வழக்கில் அவர் உண்மையிலேயே கெட்டிக்காரர். ஆனால் காணி வழக்கு அவருடைய அன்றாட வேலை இல்லை. அனுபவம் என்று நாம் சொல்லும்போது எத்தனை வருடம் என்று மட்டுமே பார்க்கிறோம். எதில் அனுபவம், எந்த நீதிமன்றத்தில் அனுபவம் என்று கேட்பதில்லை. கண் வருத்தத்துக்கு எலும்பு வைத்தியரிடம் யாரும் போவதில்லையே.

பின்னர் நாம் அவரை வேறொரு சட்டத்தரணியிடம் அழைத்துச் சென்றோம். சிறிய அலுவலகம், பெயர்ப்பலகையில் எழுத்துகூட மங்கிவிட்டது. காணி அலுவல்களையே நீண்டகாலமாகச் செய்து வருபவர். ராத்தா கதையை ஆரம்பித்தார். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “இது உறுதிக் காணியா, பேர்மிட் காணியா?”

நான்கு வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி அது. வயல், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கணவருக்கு வழங்கப்பட்ட பேர்மிட் காணி.

இந்த வித்தியாசத்தைச் சற்று விளக்க வேண்டும். தனியார் உறுதிக் காணியை ஒருவர் பத்து வருடம் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டு அனுபவித்தால், அதைத் தனதென்று நீதிமன்றத்தில் கோர எமது நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. யுத்தத்தால் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்கு இது பெரிய அநீதி. அதனால் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதே அதன் சாரம். ஆனால் இரண்டு வருடங்களுக்குள் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. 2018இல் அந்தக் கதவு மூடிவிட்டது. எமது பிரதேசத்தில் எத்தனை பெண்களுக்கு அப்படியொரு கதவு திறந்திருந்தது தெரியும்? பைலைக் கையில் வைத்திருந்த சட்டத்தரணிமாராவது அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

ராத்தாவின் காணி அரச காணி. அரசுக்கு எதிராக அந்தப் பத்து வருடக் கதை செல்லாது. ஆகவே புதிய சட்டத்தரணி சொன்னது: “இப்ப வழக்கு வைக்கத் தேவையில்ல. முதல்ல பிரதேச செயலகத்துக்குப் போங்க. பேர்மிட் பதிவேட்டுல உங்கட கணவர்ர பேர் இருக்கான்னு பாருங்க.” அந்த ஆலோசனைக்கு அவர் வாங்கிய தொகை, நாம் போய்வந்த ஓட்டோக் கூலியைவிடச் சற்றுத்தான் அதிகம். வழக்கே வேண்டாம் என்று சொல்லத் துணிந்த சட்டத்தரணியை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

இனி, முதல் நாளே நீங்கள் கேட்க வேண்டியவை சில.

இதேமாதிரி வழக்கு கல்முனை மாவட்ட நீதிமன்றத்தில் செய்திருக்கிறாரா? தவணை நாளில் அவரே வருவாரா, கனிஷ்ட சட்டத்தரணி வருவாரா? எமது மூத்தம்மாமார் இன்றும் ‘பிறக்கிராசி’, ‘அப்புக்காத்து’ என்று இரண்டாகச் சொல்வார்கள். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அவ்விரு பிரிவும் ஒன்றாக்கப்பட்டு, எல்லோரும் சட்டத்தரணி ஆகிவிட்டார்கள். ஆனால் கடதாசி வேலை ஒருவர், பேசுவது இன்னொருவர் என்ற வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படியானால் இருவருக்கும் கட்டணம் உண்டா என்று கேளுங்கள்.

நமது ஊர்கள் சிறியவை. எதிராளியின் உறுதியை முடித்த நொத்தாரிசு இவராகவே இருக்கலாம். இல்லாவிட்டால் அவருடைய மச்சானாக இருக்கலாம். வெட்கப்படாமல் கேளுங்கள். கட்சிக்காரர் ஒருவரின் சிபாரிசில் போகிறீர்கள் என்றால் இன்னும் கவனம். இக்கரையில் சட்டமும் அரசியலும் நெடுங்காலமாக ஒரே வீட்டில் குடியிருப்பவை. மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரஃப் அவர்களும் சட்டத்தரணியாக இருந்துதான் அரசியலுக்கு வந்தார். அதில் பிழையில்லை. ஆனால் தேர்தல் காலத்தில் உங்கள் தவணைக்கு யார் வருவார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பணத்தைப் பிரித்துப் பேசுங்கள். தாக்கல் செய்ய எவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு, முத்திரைச் செலவு எவ்வளவு? காணி வழக்கில் நில அளவையாளருக்கான கட்டணம் வேறாக வரும். பலர் அங்கேதான் கையைப் பிசைகிறார்கள். ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். “வென்றால் காணியில் பாதி தந்தால் போதும்” என்பவரிடம் எதிலும் கையொப்பம் வைக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

சிவில் வழக்கில் உங்களிடம் ‘புரொக்சி’ என்ற பத்திரத்தில் ஒப்பம் வாங்குவார்கள். அதன் பிறகு உங்களுக்காக நடவடிக்கை எடுப்பவர் அவர்தான். அவரை மாற்ற வேண்டுமானால் நீதிமன்றத்தின் அனுமதியோடு அந்தப் புரொக்சியை இரத்துச் செய்ய வேண்டும். சும்மா இன்னொருவரிடம் போய்விட முடியாது. ஆகவே வெற்றுத் தாளில் ஒப்பமிடாதீர்கள். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வெளிநாடு போகும் சகோதரிகள் அற்றோணித் தத்துவம் எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். வீட்டைப் பராமரிக்கக் கொடுத்த அதிகாரத்தை விற்கும் அதிகாரமாக எழுதிவிட்டால், திரும்பி வரும்போது சீதன வீட்டில் வேறொருவர் இருப்பார்.

முஸ்லிம் சகோதரிகளுக்குத் தனியாக ஒன்று. காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி உங்களுக்காகத் தோன்ற முடியாது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் ஏற்பாடு அது. பஸஹ் வழக்கில் “நான் வந்து பேசுகிறேன்” என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். ஆனால் காதியிடம் போகுமுன் உங்கள் முறைப்பாட்டை ஒழுங்காக எழுதிக்கொள்ளச் சட்டத்தரணியின் உதவி பெறலாம். காதி விதித்த தாபரிப்புப் பணத்தைக் கணவர் கட்டாவிட்டால், அதை அறவிடும் வேலை நீதவான் நீதிமன்றத்துக்கு வரும். வீட்டில் அடி, உதை என்றால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா இனப் பெண்களுக்கும் பொது. அதற்கும் நீதவான் நீதிமன்றமே.

பணமே இல்லை என்பவர்களுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கல்முனையிலும் அதன் நிலையம் உண்டு. வருமானம் குறைந்தவர் என்பதற்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தைக் கையோடு கொண்டுபோனால் இரண்டாம் முறை அலைய வேண்டியதில்லை. இலவசம் என்றால் தரம் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். ஏழைப் பெண்களின் காணி, தாபரிப்பு, பிறப்புப் பதிவு அலுவல்களை நாளாந்தம் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

சட்டத்தரணி ஏமாற்றினால்? அவர்களை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. சத்தியக் கடதாசியுடன் முறைப்பாடு செய்யலாம். அதற்கும் பற்றுச்சீட்டுத்தான் முதலில் தேவைப்படும்.

ராத்தாவுக்குப் பத்திரங்கள் திரும்பக் கிடைத்தன. பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிய பிறகுதான். பிரதேச செயலகப் பதிவேட்டில் கணவரின் பெயர் இருந்தது. அடுத்த தடங்கல் மரணச் சான்றிதழ். ஆள் வருவார் என்று அவர் இத்தனை வருடமாக அதைப் பதிய மறுத்தவர். 2016இல் வந்த சட்டத் திருத்தத்தின் மூலம், மரணம் என்று பதியாமல், காணாமற்போனவர் என்றே சான்றிதழ் பெறவும் வழி உண்டு. அதையும் சட்டத்தரணிதான் எடுத்துச் சொன்னார். எந்தக் கடதாசி எந்த வேலைக்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று இரண்டையும் விளக்கிவிட்டு, “நீங்க யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல” என்றார்.

ராத்தா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். இப்போது அவருடைய பைக்குள் இருப்பவை பிரதிகள் மட்டுமே. மூலப் பத்திரங்கள் வீட்டில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில், தகரப் பெட்டியில்.