இருபது பாகம், பத்துக் கணக்கு

அமெரிக்காவில் வெளிநாட்டு அரைத் தானியங்கி ரைஃபிளுக்கு உதிரி பாகம் வாங்குகிறவர் கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும். இது பொருந்துமா? இது எந்த நாட்டில் செய்தது? முதல் கேள்வியில் தவறினால் உயிருக்கு ஆபத்து. இரண்டாவதில் தவறினால் கூட்டரசுச் சட்டத்தை மீறிய குற்றம்.

கலாஷ்னிகோவ் (ஏகே) வகையையே எடுத்துக்கொள்வோம். எந்த நாட்டில் செய்தாலும் பார்வைக்கு ஒரே அச்சு. ருமேனியா, பல்கேரியா போன்ற நாடுகளுக்கு சோவியத் ஒன்றியமே வரைபடங்களைக் கொடுத்ததால், அவற்றின் பாகங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். யுகோஸ்லாவியாவின் கதை வேறு. அதன் தலைவர் டிட்டோ 1948இல் ஸ்டாலினோடு முறித்துக்கொண்ட பிறகு அந்த வரைபடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சஸ்தாவா ஆலையின் பொறியாளர்கள் தாங்களே அளவெடுத்து எம்70 ரைஃபிளை உருவாக்கினார்கள். குழல் முனையில் குண்டைச் செருகி ஏவும்போது வரும் அதிர்வைத் தாங்குவதற்காகப் பின்னாளில் ரிசீவர் எனப்படும் உடற்கூட்டின் தகட்டை 1.5 மில்லிமீட்டர் தடிமனாக்கினார்கள். சோவியத் ஏகேஎம்மில் அது 1 மில்லிமீட்டர்தான். முன்பிடி மரமும் நீளம். மற்றவற்றில் இரண்டு காற்றுத் துளை என்றால் இதில் மூன்று. ருமேனியக் கட்டையை இதில் மாட்ட முடியாது.

சீனத் துப்பாக்கியில் வித்தியாசம் இன்னும் நுணுக்கமானது. சுத்தியலையும் விசையையும் தாங்கும் ஊசிகள் பல சீன மாடல்களில் 5.5 மில்லிமீட்டர், மற்ற நாடுகளில் 5. அரை மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஊசி உள்ளே போகாது. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும் என்று துரப்பணத்தைக் கையில் எடுப்பவர்களை எண்ணித்தான் எனக்குக் கவலை. துளை கோணலாகிச் சுத்தியல் சரியாகப் பிடிபடாமல் போனால், விசையைத் தொடாமலே துப்பாக்கி வெடிக்கலாம். செக்கோஸ்லோவாக்கியாவின் வி.இசட்.58 இன்னும் ஏமாற்றும். அதே தோட்டா, ஏறக்குறைய அதே தோற்றம். ஆனால் மேகசின்கூடப் பொருந்தாது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து போல்ட்டில் இருக்கிறது. தோட்டா குழலின் அறையில் உட்கார்ந்ததும் அதன் அடியை போல்ட்டின் முகம் தாங்கிப் பிடிக்க வேண்டும். போல்ட்டின் முகத்துக்கும், தோட்டாவை அறை தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் உள்ள இடைவெளியைத்தான் ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். ஆலையில் குறிப்பிட்ட ஒரு போல்ட்டுக்கு ஏற்றபடிதான் குழலைப் பொருத்துவார்கள். போல்ட்டிலும் ரிசீவரிலும் ஒரே எண் பொறித்திருப்பதற்குக் காரணம் இதுவே. வேறொரு துப்பாக்கியின் போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், மூடவும் செய்யும். ஆனால் இடைவெளி கூடியிருந்தால் சுடும்போது பித்தளைக் கூடு கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயலாம். அளவுகோல் கட்டைகளை அறைக்குள் வைத்துப் பார்க்கத் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக் சரி என்று சொல்லும்வரை, மாற்றிய போல்ட்டோடு ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது.

இனி இரண்டாவது கேள்வி. 1989 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரத் தொடக்கப் பள்ளியில், சீனாவில் செய்த ஏகே வகை ரைஃபிளால் ஒருவன் சுட்டதில் ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். கம்போடிய, வியட்நாமிய அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள். போருக்குத் தப்பி வந்த பெற்றோர், பள்ளி மைதானத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் மூத்த புஷ் அரசு 43 வகை அரைத் தானியங்கி ரைஃபிள்களின் இறக்குமதியைத் தடுத்தது. விளையாட்டுக்கும் வேட்டைக்கும் உகந்தவை அல்ல என்பது காரணம். பாகங்களாகக் கொண்டுவந்து உள்ளூரில் பூட்டிவிடக் கூடாதே என்று 1990இல் கூட்டரசுச் சட்டத்தில் இன்னொரு பிரிவைச் சேர்த்தார்கள்: 922(ஆர்).

அதன்கீழ் வந்த விதி 20 பாகங்களைப் பட்டியலிடுகிறது. தடைக்குள் வரும் மாதிரி ரைஃபிளைப் பூட்டும்போது, அந்தப் பட்டியலில் உள்ளவற்றில் பத்துக்கு மேல் வெளிநாட்டுப் பாகம் இருக்கக் கூடாது. ரிசீவர், குழல், போல்ட், விசை, சுத்தியல், அடிக்கட்டை, கைப்பிடி எல்லாம் கணக்கில் உண்டு. ஸ்பிரிங், திருகு, ஊசி கிடையாது. மேகசின் மட்டும் உடல், உள்தட்டு, அடித்தகடு என்று மூன்றாக எண்ணப்படும். ஆகவே அமெரிக்க மேகசினைக் கழற்றி ருமேனிய மேகசினைச் செருகினால் வெளிநாட்டுக் கணக்கு ஒரே நொடியில் மூன்று ஏறிவிடும்.

இந்தக் கணக்கு எனக்கு வேதனையாக இருக்கிறது. ஐந்து பிள்ளைகள் இறந்ததையொட்டி வந்த சட்டம், துப்பாக்கி என்ன செய்யும் என்று பார்க்காமல் அதன் சுத்தியல் எங்கே பிறந்தது என்று பார்க்கிறது. முழுக்க அமெரிக்காவிலேயே செய்த அதே மாதிரி ரைஃபிளுக்கு இந்தப் பிரிவு பொருந்தவே பொருந்தாது. தடை, உள்நாட்டு ஆலைகளுக்குப் புதுச் சந்தையைத்தான் திறந்துவிட்டது: விசை, சுத்தியல், கைப்பிடி, கட்டை எல்லாம் அமெரிக்க முத்திரையோடு விற்பனைக்கு வந்தன.

பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. கடையில் வாங்கிய ருமேனிய ரைஃபிளில் அமெரிக்க விசைத் தொகுதி இருப்பதைப் பார்த்து, அசலாக்கிவிடலாம் என்று ருமேனிய விசை, சுத்தியல், சுட்டதும் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் டிஸ்கனெக்டர் மூன்றையும் தேடிப்பிடித்து மாட்டுகிறார்கள். கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் வெளிநாட்டுக் கணக்கு அதற்கு முன்பே பத்தாக இருந்திருந்தால், மாட்டி முடித்ததும் அது பதின்மூன்று.