புண்ணோடு கூடிய கால் எலும்பு முறிவு

நெசவாளருக்கும் உழவருக்கும் கைகளே மூலதனம் என்று சொல்வது வழக்கம். கால்களை நாம் மறந்துவிடுகிறோம். குழித்தறியில் மிதியை மாற்றி மாற்றி அழுத்துவது கால். சேற்றிலும் வரப்பிலும் நாள் முழுவதும் உடலைச் சுமப்பதும் கால். அந்தக் கால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே முறிந்து, தோலும் கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே இரண்டு எலும்புகள் உள்ளன. உட்புறத்திலுள்ள பெரிய எலும்பே உடலின் பாரத்தைத் தாங்குகிறது. அதன் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை இல்லை. ஆகையால் எலும்பு முறியும்போது அதன் முனை எளிதில் தோலைக் கிழித்து வெளிவருகிறது. சில வேளைகளில் எலும்பு மறுபடியும் உள்ளே சென்றுவிடும். வெளியே சிறு துளை மட்டுமே தெரியும். ஆனால் அத்துளை வழியே கிருமிகள் எலும்பு வரை சென்றுவிட்டன என்பதே பொருள்.

முழங்காலை ஒட்டிய முறிவில் வேறு அபாயங்களும் உண்டு. முழங்காலின் பின்குழி வழியாகவே கீழ்க்காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெரிய குழாய் இறங்குகிறது. முறிந்த எலும்பு அதனைச் சிதைத்தால், ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குள் இரத்த ஓட்டத்தை மீட்டாக வேண்டும். தாமதித்தால் சதை அழியத் தொடங்கும். வெளிப்புறத்தில் சிறிய எலும்பைச் சுற்றிச் செல்லும் நரம்பு சேதமுற்றால் பாதத்தை மேலே தூக்க இயலாது. முறிவு மூட்டுக்குள்ளும் பரவியிருந்தால் பிற்காலத்தில் முழங்கால் மடங்காமற் போகலாம்.

1976-ஆம் ஆண்டில் கஸ்டிலோ, ஆண்டர்சன் என்னும் அமெரிக்க வைத்தியர்கள் இத்தகைய முறிவுகளை மூன்று வகையாகப் பிரித்தனர். புண்ணின் அளவும் சதையின் சிதைவும் கூடக்கூட வகையும் உயரும். ஆயினும் வயலில் நேர்ந்த காயத்தை, புண் எவ்வளவு சிறியதாயினும், மிகக் கடுமையான மூன்றாம் வகையிலேயே அவர்கள் சேர்த்தனர். காரணம், எருவும் சேறும் கலந்த மண்ணில் சதையை அழுகச் செய்யும் கிருமிகளும், ரணஜன்னிக் கிருமிகளும் வாழ்கின்றன. நமது உழவர்கள் இதனை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் புண்ணுள்ள முறிவு என்றால் காலை வெட்டுவதே பெரும்பாலும் வழியாக இருந்தது. 1865-ஆம் ஆண்டில், கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் புண்ணை மூடிச் சிகிச்சை செய்தார். ஆறு வாரங்களில் சிறுவன் குணமடைந்தான். எலும்பைச் சேர்ப்பதற்கு முன் புண்ணைக் காக்க வேண்டும் என்னும் பாடத்தை உலகம் அப்போது கற்றது.

விபத்து நேர்ந்த இடத்தில் செய்ய வேண்டியவை சிலவே. இரத்தம் பெருகினால் தூய துணியை வைத்து அழுத்துக. வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளலாகாது. மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, சாணம் எதனையும் புண்ணில் இடலாகாது. தூய துணியால் புண்ணை மூடி, தொடையிலிருந்து குதிகாலைத் தாண்டும் நீளமுள்ள இரண்டு பலகைகளைக் காலின் இருபுறமும் வைத்து, புண்ணின்மேல் படாமல் தளர்வாகக் கட்டுக. விரல்கள் வெளியே தெரியட்டும். அவை குளிர்ந்தோ வெளுத்தோ மரத்தோ போனால் வைத்தியரிடம் முதலில் அதைச் சொல்லுக. மயக்க மருந்து கொடுக்க நேரிடுமாதலால் உண்ணவோ பருகவோ எதுவும் தரலாகாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் மரபைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. ஆனால் புண்ணுள்ள முறிவுக்கு அது ஏற்றதன்று. கெண்டைச் சதை இறுகிய உறைகளுக்குள் அடங்கியுள்ளது. முறிந்த கால் வீங்குகையில் உள்ளே அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைபடும். மேலே இறுகக் கட்டினால் கேடு விரைந்து வரும். கட்டினுள் சீழ் பிடிப்பதும் வெளியே தெரியாது.

மருத்துவமனையில் முதலில் கிருமிகளைக் கொல்லும் மருந்தையும் ரணஜன்னித் தடுப்பூசியையும் செலுத்துவர். கிருமி மருந்து முதல் ஒரு மணி நேரத்திற்குள் கிடைப்பது சிறப்பு. பின்னர் புண்ணைக் கழுவி, உயிரற்ற சதையை நீக்கி, தோலுக்கு வெளியே கம்பிச் சட்டம் பொருத்தி எலும்பை அசையாமல் நிறுத்துவர். எலும்பு மூடப்படாமல் இருந்தால் கெண்டைச் சதையின் ஒரு பகுதியைத் திருப்பி அதன்மேல் போர்த்துவதும் உண்டு. காலைக் காப்பாற்ற இயலுமா என்பதை முடிவு செய்ய உதவும் மதிப்பெண் முறை ஒன்றைக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையினர் 2006-இல் வெளியிட்டனர். தோல், எலும்பு, தசை ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிடும் அம்முறை நம் மண்ணில் பிறந்தது என்பது நமக்குப் பெருமை.

எலும்பு கூடப் பல மாதங்கள் ஆகும். பீடி, சிகரெட் அதனைத் தாமதப்படுத்தும். நீரிழிவு கட்டுக்குள் இருத்தல் அவசியம். வைத்தியர் சொல்லும் பயிற்சியை விடாது செய்தால்தான் முழங்கால் மீண்டும் மடங்கும்.

அந்த மாதங்களில் தறி நிற்கும், வயல் காத்திருக்கும். கூட்டுறவு என்பது அப்போது பயன்பட வேண்டிய சொல். சாலை விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021-இல் தொடங்கியது. ஆனால் அதற்குப் பிந்திய மாதங்களில் குடும்பத்தைத் தாங்குவது அண்டையார் கடமையன்றோ? சங்கக் கட்டடத்தில் இரண்டு நீண்ட பலகைகளும், வெளுத்து மடித்த துணிகளும், அருகிலுள்ள மருத்துவமனையின் தொலைபேசி எண்ணும் என்றும் ஆயத்தமாக இருக்கட்டும். இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. அவை ஒரு நாளும் பயன்படாமலே கிடக்க வேண்டும் என்பதே நமது விருப்பம்.