பிள்ளையின் கைவேலை பிள்ளையின் கையாலேயே ஆகட்டும்

பல ஆண்டுகளுக்கு முன்னர் நாம் பணியாற்றிய ஒரு பங்கில், கிறிஸ்து பிறப்பு விழாவை முன்னிட்டுக் குடில் போட்டி ஒன்று நடத்தினோம். உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்பது விதி. பன்னிரண்டு குடில்கள் வந்தன. தெர்மகோல் மலையும், கண்ணாடித் துண்டாலான ஏரியும், அணைந்தணைந்து எரியும் வண்ண விளக்குகளும், கடையில் வாங்கிய பளபளக்கும் சுரூபங்களும் கொண்ட ஒரு குடிலுக்கு முதற்பரிசு அளித்தோம். அதனை அந்த மாணவனின் தந்தையாரும் அவர்தம் நண்பரும் இரண்டு இரவுகள் விழித்திருந்து அமைத்தனர் என்பது ஊரறிந்த செய்தி. நாமும் அறிவோம்.

அதே வரிசையின் கடைசியில் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஒரு சிறுவன் வைத்திருந்த குடிலும் இருந்தது. குளத்து வண்டலைக் குழைத்துத் தானே செய்த மாடு, கழுதை, மூன்று ஆடுகள், ஒரு தாய், ஒரு தந்தை, ஒரு குழந்தை. மாட்டின் திமில் நம் காங்கேயம் காளையின் திமில் போலவே இருந்தது. வெயிலில் காய்ந்ததால் கழுதையின் காது ஒன்றில் விரிசல் கண்டிருந்தது. அதற்கு ஆறுதற் பரிசுகூட நாம் அளிக்கவில்லை. அச்சிறுவனின் தாயார் பின்னர் ஒரு நாள் கோயிலுக்கு வந்தபோது, "ஒரு வாரமா ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து அவனேதான் செஞ்சானுங்க சாமி" என்று மட்டும் சொல்லிச் சென்றார். குறையாகச் சொல்லவில்லை, சொன்னார், அவ்வளவே.

அடுத்த ஆண்டு அவன் பெயர் கொடுக்கவில்லை. காரணம் கேட்டோம். "கடையில வாங்கக் காசு இல்லீங்க சாமி" என்றான்.

நாம் நடத்திய போட்டியிலிருந்து அவன் கற்றுக்கொண்ட பாடம் அதுவே. கலை என்பது காசு கொடுத்து வாங்குவது என்று அவனுக்கு நாம் கற்பித்துவிட்டோம். இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது அந்த ஒரு வாக்கியமே.

எங்கே தவறுகிறோம்?

அன்புள்ள பெற்றோரே, உங்கள் இல்லங்களில் இன்று நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பள்ளியில் 'செயல்திட்டம்' என்று ஒன்று கொடுக்கின்றனர். பிள்ளை அதனை இரவு எட்டு மணிக்கு நினைவுபடுத்துகிறான். தந்தை எழுதுபொருள் கடைக்கு ஓடுகிறார். தாய் வெட்டி ஒட்டுகிறார். பிள்ளை பார்த்துக்கொண்டிருந்து உறங்கிவிடுகிறான். மறுநாள் மதிப்பெண் பெற்றோருக்குக் கிடைக்கிறது. சில நாள்களில் அப்பொருள் குப்பைக்குப் போகிறது. தெர்மகோல் மண்ணில் மட்குவதில்லை. அதனாலான தட்டுகளையும் குவளைகளையும் நம் மாநில அரசு 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்திருக்கிறது. ஆயினும் பள்ளிச் செயல்திட்டம் என்றதும் நம் கை அதனையே தேடுகிறது.

மறுபுறம், பத்தாம் வகுப்பை எட்டியதும் ஓவிய வகுப்பு வீண் என்று நாமே முடிவு கட்டுகிறோம். "படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்கிறோம். இக்கேள்விக்கு விடை தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை.

கோவையில் பிறந்த ஓவியர்

இந்திய ஓவிய உலகில் பெரும்புகழ் பெற்ற கே. சி. எஸ். பணிக்கர் 1911-ஆம் ஆண்டு நம் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை அரசு கலைப் பள்ளியில் பயின்று, 1957-இல் அதன் முதல்வராகவும் ஆனார். தம் மாணவர்கள் கலையை விட்டு வேறு வேலைக்குச் சிதறிப் போகாதிருக்க வழியென்ன என்று அவர் சிந்தித்தார். கலைஞர்கள் நாளின் ஒரு பகுதியில் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுப் பிழைப்புக்கு வழி தேடிக்கொண்டு, எஞ்சிய நேரத்தில் தம் ஓவியத்தையும் சிற்பத்தையும் வளர்த்தனர். அவ்வருவாயைக் கொண்டு நிலம் வாங்கி, 1966-இல் சென்னைக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். அது இன்றும் இயங்கி வருகிறது. கையால் செய்யும் தொழிலும் கலையும் ஒன்றையொன்று தாங்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பிள்ளைகள் அனைவரும் பணிக்கராக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கண்ணால் கூர்ந்து பார்க்கவும், கையால் திருந்தச் செய்யவும், தவறினால் மீண்டும் தொடங்கவும் பழகிய பிள்ளை எத்துறைக்குப் போனாலும் சிறப்பான். நூற்பாலையும் வார்ப்படப் பட்டறையும் லேத்தும் நிறைந்த நம் கோவைக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் தாமே செய்யத்தக்க ஐந்து கலைப் பணிகளைக் கூறுகிறோம். இவற்றிற்குப் பணம் மிகுதியாக வேண்டா. பொருள்கள் நம் மண்ணிலேயே கிடைக்கும்.

முதலாவது: மண்ணிலிருந்து வண்ணம்

கோவைக்கு மேற்கே, பாலக்காட்டு எல்லையை அடுத்த குமிட்டிபதியில், குன்றின் பாறைகளில் மிகப் பழைய வெண்ணிற ஓவியங்கள் காணப்படுகின்றன. யானை உருவமும் அவற்றுள் ஒன்று. அதனை வரைந்தவனுக்குக் கடையில் வாங்கிய வண்ணப் பெட்டி இருந்ததில்லை.

நம் பிள்ளைகளும் வண்ணம் செய்யலாம். கொங்கு நாட்டில் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. ஒரு கைப்பிடி மண்ணை நீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலுள்ள கலங்கல் நீரை வேறொரு பாத்திரத்தில் ஊற்றுக. அதனை ஓரிரவு அசையாமல் வைத்தால் மென்மையான வண்டல் படியும். தெளிந்த நீரை வடித்து, வண்டலை உலர்த்திப் பொடியாக்குக. கருவேலம் பிசினை ஓரிரவு நீரில் ஊறவைத்து, அப்பொடியுடன் குழைத்தால் வண்ணம் ஆயத்தம். கருமைக்கு அடுப்புக்கரி, வெண்மைக்குச் சாக்கட்டித் தூள், மஞ்சளுக்கு மஞ்சள் தூள். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுக்கும். சோப்பு நீர் பட்டால் சிவக்கும். ஏன் என்று வேதியியல் ஆசிரியரைக் கேட்கட்டும். பாறை ஓவியங்களைக் காணச் சென்றால் தொடவோ, நீர் தெளிக்கவோ, பெயர் கிறுக்கவோ கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்.

இரண்டாவது: மண்ணில் பெயர் எழுதுதல்

நொய்யல் ஆற்றங்கரையில், சென்னிமலைக்கு அருகே உள்ள கொடுமணல், சங்க இலக்கியத்தில் கொடுமணம் என்று குறிக்கப்பெறும் ஊர் என்பது அறிஞர் கருத்து. அங்கு நடந்த அகழாய்வுகளில் மணிக்கற்களை அறுத்துப் பாசி செய்த தொழிற்கூடங்களும், இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. தமிழி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பெற்ற பானை ஓடுகளும் ஏராளமாகக் கிடைத்தன. அரசர் பெயர்கள் மட்டுமல்ல. பானைக்கு உரிய எளிய மனிதர்களின் பெயர்கள் இரண்டாயிரம் ஆண்டு கடந்து நம் கைக்கு வந்துள்ளன.

மாணவன் குளத்து மண்ணைக் கல் நீக்கிப் பிசைந்து, சிறிது மணல் கலந்து, ஒரு நாள் ஈரத்துணியில் பொதிந்து வைக்கட்டும். விரல் பருமனில் உள்ளங்கை அகலத்திற்கு ஓடு தட்டி, அரை ஈரம் காய்ந்ததும் ஆணியால் தன் பெயரைத் தமிழி எழுத்தில் கீறட்டும். நிழலில் மெல்லக் காயவேண்டும்; வெயிலில் வைத்தால் வெடிக்கும். உடுமலைப் பகுதியின் சோமவாரப்பட்டியில் பொங்கல் நாள்களில் உழவர்கள் கால்நடைகளுக்காக மண் உருவாரங்களைக் காணிக்கையாக வைக்கும் வழக்கம் உண்டு. அத்தகைய உருவங்களைச் செய்யும் குயவர் அருகில் இருப்பாராயின், அவருடைய சூளையில் ஓட்டைச் சுட்டுத் தரக் கேட்கலாம். அவரிடம் பிள்ளை அரை நாள் உட்கார்ந்து பார்ப்பது ஒரு மாத வகுப்புக்கு ஈடாகும்.

மூன்றாவது: அட்டைத் தறி

பவானி ஜமக்காளத்தையும், சென்னிமலைப் போர்வையையும், நெகமம் சேலையையும் நெய்யும் நாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பாவு எது, ஊடை எது என்று தெரியவில்லையெனில் அது யார் குற்றம்? ஒரு முழ நீளமுள்ள தடித்த அட்டையின் இரு முனைகளிலும் விரற்கிடை இடைவெளியில் வெட்டுகள் இட்டு, நூலை இழுத்துக் கட்டினால் பாவு. திருப்பூர்ப் பக்கம் கிடைக்கும் பனியன் துணிக் கழிவை நாடாவாகக் கத்தரித்து, ஒன்றன் மேலும் ஒன்றன் கீழுமாகக் கோத்தால் ஊடை. முதலில் கட்டத்தாளில் வண்ணப் பட்டைகளைத் திட்டமிட்டுவிட்டு நெய்யத் தொடங்கவேண்டும். முதல் அரைச்சாண் கோணலாகத்தான் வரும். அவிழ்த்து மீண்டும் நெய்யட்டும். நீங்கள் அவிழ்க்கவேண்டா.

நான்காவது: பாட்டியின் கோலமும் கணக்கும்

பிள்ளை தன் தெருவில் மூன்று மூதாட்டிகளிடம் சென்று ஆளுக்கொரு சிக்குக்கோலம் கேட்டு வாங்கிக் கட்டத்தாளில் வரையட்டும். கையெடுக்காமல் ஒரே கோட்டில் முடிகிறதா, இரண்டு மூன்று கோடுகள் பின்னியுள்ளனவா என்று வெவ்வேறு வண்ணத்தில் தொடர்ந்து பார்க்கட்டும். ஐந்து புள்ளிக் கோலத்தை ஏழு புள்ளிக்கு விரிக்க முயலட்டும். இது விளையாட்டன்று. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோன்மணியும், ராணி சிரோன்மணியும், கமலா கிருத்திவாசனும் 1970-களில் நம் வீட்டுப் பெண்களின் கோலங்களை ஆராய்ந்து, கணினி அறிவியலில் 'பட மொழிகள்' குறித்த கட்டுரைகளை வெளியிட்டனர். உலக அறிஞர் அவற்றை மதித்தனர். வாசலில் நாம் மிதித்துக் கடப்பதில் அத்துணைக் கணக்கு இருந்திருக்கிறது.

ஐந்தாவது: மறைந்த பொருளின் படம்

கிணற்றிலிருந்து எருதுகள் நீர் இறைத்த கவலையை இன்றைய பிள்ளை கண்டதில்லை. மின்சார மோட்டார் வந்ததும் அது மறைந்தது. தாத்தாவிடம் உட்கார்ந்து, சால் எப்படியிருந்தது, உருளை எங்கே நின்றது, வடம் எத்துணை நீளம், எருது எப்படிப் பின்னோக்கி நடந்தது என்று கேட்டுக் கேட்டு வரையட்டும். வரைந்ததைத் தாத்தாவிடம் காட்டி, "இப்படியா?" என்று கேட்டுத் திருத்தட்டும். ஒவ்வோர் உறுப்புக்கும் தாத்தா சொன்ன பெயரையே எழுதட்டும். நான்காம் முறை வரையும்போது தாத்தா தாமே பென்சிலை வாங்கிக் கோடிழுக்கத் தொடங்குவார். அந்தக் குறுக்கீட்டை மட்டும் நாம் அனுமதிக்கிறோம்.

பெற்றோருக்கு மூன்று சொற்கள்

ஒன்று: வாரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அதனால் கெட்டுப்போகாது. கைப்பேசிக்கு ஒதுக்கும் நேரத்திலிருந்து அதனை எடுத்தாலே போதும்.

இரண்டு: பொருள் தேட உதவுங்கள்; கத்தியையும் நெருப்பையும் கண்காணியுங்கள்; அதற்குமேல் கையை மடக்கிக்கொண்டு இருங்கள். கோணலைக் கண்டு உங்கள் விரல் துடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நேராக்கிவிட்ட அந்தக் கோடு பிள்ளையுடையதன்று. அது அவனுக்கும் தெரியும்.

மூன்று: "நன்றாயிருக்கிறது" என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். "இதனை எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். தானே செய்த பிள்ளை அரை மணி நேரம் சொல்வான்.

தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளி மாணவர்க்குக் கலைத் திருவிழா நடத்திவருவது பாராட்டுக்குரியது. ஆனால் மேடைக்கு முன்பு வீட்டுத் திண்ணை இருக்கிறது. அங்கே தொடங்காதது மேடையில் நிலைக்காது.

நம் குடில் போட்டியின் விதிகளை அதன் பின்னர் மாற்றினோம். கடையில் வாங்கிய உருவம் கூடாது. செய்த பிள்ளை தன் குடிலருகே நின்று அதனைச் செய்த விதத்தை நடுவர்க்குக் கூறவேண்டும். முதல் ஆண்டு நான்கு பேரே வந்தனர். மூன்றாம் ஆண்டில் பதினேழு பேர் வந்தனர். ஓலையில், சோளத்தட்டில், தேங்காய் ஓட்டில், பழைய சாக்கில் என்று ஒன்று போல் மற்றொன்று இல்லை.

அச்சிறுவன் மட்டும் வரவில்லை. அவன் வீட்டுக்குச் சென்று, நாம் செய்தது தவறு என்று சொன்னோம். "பரவாயில்லீங்க சாமி" என்றான். இன்று அவன் குடும்பத்தோடு வாழ்கிறான். ஒரு லேத் பட்டறையில் நல்ல கைக்காரன் என்று பெயரெடுத்திருக்கிறான். மண்ணை அவன் மீண்டும் தொட்டதாகத் தெரியவில்லை.

பெற்றோரே, உங்கள் வீட்டில் அப்படியொரு பிள்ளை இருக்கக்கூடும். வருகிற சனிக்கிழமை அவன் கையில் ஓர் உருண்டை மண்ணைக் கொடுத்துவிட்டு, சற்றுத் தள்ளி உட்காருங்கள்.