பூட்டை மாற்றாத கடை

ஏறாவூர், காத்தான்குடி, ஓட்டமாவடி கடைத்தெருக்களில் இன்று கடன் கொப்பியின் இடத்தைக் கணனி பிடித்து வருகிறது. உன்னிச்சைப் பக்கத்து விவசாயிக்கு உரமும் விதைநெல்லும் கடனுக்குக் கொடுத்து, அறுவடையில் அறவிடும் வியாபாரியும் கணக்கைக் கணனியில் பதியத் தொடங்கிவிட்டார். நல்ல மாற்றம்தான். ஆனால் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு.

புதிதாக ஒரு கடையறையை வாடகைக்கு எடுத்தால் முதல் வேலையாகப் பூட்டை மாற்றுகிறோம். பழைய சாவி யார் கையில் இருக்கிறதோ என்ற பயம். கணனியில் மட்டும், மென்பொருளோடு வந்த பூட்டை அப்படியே விட்டுவிடுகிறோம். அதன் சாவி எல்லோருக்கும் தெரிந்தது.

உதாரணமாக, ‘எக்ஸாம்ப்’ என்ற இலவசத் தொகுப்பின் மீது பில் மென்பொருளை இயக்கிக் கொடுப்பவர்கள் உண்டு. அதிலுள்ள தரவுத்தளத்தின் தலைமைப் பயனர் பெயர் ‘ரூட்’. கடவுச்சொல் எதுவும் இல்லை. மென்பொருள் எழுதுபவர் தன் மேசையில் சோதித்துப் பார்க்க வசதியாக அப்படி வைத்திருக்கிறார்கள். ‘அப்பாச்சி டொம்கட்’ சேர்வரை விண்டோஸில் பொருத்தும்போதும் நிர்வாகியின் கடவுச்சொல் வெறுமையாக விடப்பட்டிருந்தது. 2009இல் அது பாதுகாப்புக் குறையாக அறிவிக்கப்பட்டது.

கணனி கடைக்குள் மட்டும் இருக்கும்வரை ஆபத்து குறைவு. வீட்டிலிருந்தோ மற்றக் கிளையிலிருந்தோ கணக்குப் பார்க்க ரௌட்டரில் வழி திறந்துவிட்டால், அது தெருவுக்குத் திறந்த கதவு. இணையத்தில் இத்தகைய கதவுகளைத் தேடித் திரிபவை தானாக இயங்கும் நிரல்கள். ‘சின்னக் கடைதானே, யார் வரப்போகிறார்’ என்று இருக்க முடியாது. அவற்றுக்கு ஊரும் தெரியாது, கடையும் தெரியாது.

2017 ஜனவரியில் ‘மொங்கோ டீபி’ தரவுத்தளங்கள் 20,000இற்கும் மேல் அழிக்கப்பட்டு, பிட்கொயினில் கப்பம் கேட்கப்பட்டது. அவை கடவுச்சொல் இல்லாமல் இணையத்துக்குத் திறந்து கிடந்தவை. கப்பம் கட்டியவர்களிலும் பலருக்குத் தரவு திரும்பக் கிடைக்கவில்லை.

நமது நாட்டில் 2023 ஆகஸ்டில் அரச மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டு, சுமார் 5,000 முகவரிகளின் மூன்று மாதத் தரவுகள் பறிபோயின. அங்கே புதுப்பிக்கப்படாத பழைய மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. தனியாக வைத்த பிரதியும் இருக்கவில்லை. பொருத்தியதோடு வேலை முடிந்தது என்று இருப்பதன் விலை இதுதான்.

ஆகவே, மென்பொருள் பொருத்துபவருக்குக் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்குமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. தரவுத்தளம், ரௌட்டர், சீசீரிவி ஆகியவற்றோடு வந்த கடவுச்சொற்களை மாற்றியாயிற்றா? புதியவை உங்கள் கையில் உள்ளனவா?

2. மாதிரிப் பக்கங்களும் தேவையற்ற கணக்குகளும் நீக்கப்பட்டனவா?

3. தரவுத்தளமும் நிர்வாகப் பக்கமும் வெளியிலிருந்து திறக்கின்றனவா? வேறிடத்துக் கைத்தொலைபேசியில் முயன்று காட்டச் சொல்லுங்கள்.

4. மென்பொருளை யார், எப்போது புதுப்பிப்பார்?

5. கணக்கின் பிரதி தினமும் எடுக்கப்படுகிறதா? ஒரு பிரதி கணனியிலிருந்து கழற்றி வேறாக வைக்கப்படுகிறதா?

இதற்குப் பெரிய செலவில்லை. அரை நாள் வேலை.

வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் கடன் தொகையும் நம்மிடம் உள்ள அமானிதம். அவற்றைக் காப்பது நம் கடமை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படிதான் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். நமது கணனிக்கும் அது பொருந்தும்.